மாம்பழக் காப்ளர்: சென்னை வீட்டு ஓ.டி.ஜி.யில் சொதப்பாமல் செய்ய முழு வழிகாட்டி

காப்ளர் என்பது ஓவனில் வேகவைக்கும் ஒரு பழ இனிப்பு. ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனே இதற்குப் போதும். இதில் இரண்டே பாகம்தான். அடியில் சாறு ஊறிய பழம், அதன் மேல் கரண்டியால் கிள்ளிப் போட்ட பிஸ்கட் மாவு. கேக்குக்கு வேண்டிய நுணுக்கம் இதற்கு இல்லை, முட்டையும் வேண்டாம். அப்படியும் முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

போன மாம்பழ சீசனில் அக்கா மகள் வேளச்சேரியிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டாள். "சித்தி, மேல நல்லா சிவந்துடுச்சு. எடுத்துடவா?" என்றாள். "நடுவுல ஒரு ஸ்பூனை விட்டு மாவைத் தூக்கிக் காட்டு" என்றேன். மேலே பன் மாதிரி இருந்த மாவு, அடியில் வேகாத கொழுக்கட்டை போல வெள்ளையாகப் பழத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தின் மேல் அப்படியே மாவைப் போட்டிருக்கிறாள்.

பழம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், மாவு சில்லென்று இருக்க வேண்டும். கீழே வரும் வரிசை முழுக்க இதற்காகத்தான். இந்த ஊர் வெயிலில் இரண்டாவது பாதிதான் பெரும்பாடு.

1. எடுத்து வைக்க வேண்டியவை

இந்த அளவு ஆறு பேருக்குச் சரியாக இருக்கும். 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் ஒன்று வேண்டும்.

பழத்துக்கு:
- நறுக்கிய மாம்பழம் 700 கிராம் (தோல், கொட்டையோடு ஒன்றேகால் கிலோ வாங்கினால் போதும்)
- சர்க்கரை 80 கிராம்
- கார்ன்ஃப்ளார் 2 டேபிள்ஸ்பூன்
- எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன்
- சுக்குப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை

மேல் மாவுக்கு:
- மைதா 190 கிராம் (ஒன்றரை கப்)
- சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன்
- பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன்
- சமையல் சோடா கால் டீஸ்பூன்
- உப்பு கால் டீஸ்பூன்
- உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம்
- கெட்டித் தயிர் அரை கப், பால் கால் கப்

கப் என்றால் 240 மி.லி. பிடிக்கும் அளவுக் கப். காபி டம்ளரிலோ ஆழாக்கிலோ அளந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். மைதாவைக் கப்பால் அழுத்தி அள்ளாமல் ஸ்பூனால் போட்டு நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிடுங்கள். அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே இருபது, முப்பது கிராம் கூடிவிடும். மாவு கல்லாகிப் போவதற்கு அதுவே போதும். சமையல் தராசு இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

கடையில் "சோள மாவு" என்று கேட்டு, மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். நமக்கு வேண்டியது தூய வெள்ளையாக, விரலில் அழுத்தினால் நறநறவென்று சத்தம் போடும் கார்ன்ஃப்ளார். மஞ்சள் மாவு சாற்றைச் சரியாகக் கெட்டியாக்காது, வாயில் மணல் மாதிரி தட்டும்.

உப்பு போட்ட வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதா? அதையே போடுங்கள், மேல் மாவுக்குச் சொன்ன உப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஆவின் சமையல் வெண்ணெய் நன்றாகவே வருகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் கொஞ்சம் தங்கியிருக்கும், அதனால் பாலைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பதம் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அலுமினியத் தட்டு பரவாயில்லையா என்று கேட்பார்கள். அன்றே தின்று தீர்த்துவிடுவதாக இருந்தால் சரி. புளிப்புப் பழம் இரவு முழுக்க அலுமினியத்தில் கிடந்தால் உலோக வாடை ஏறிவிடும்.

2. எந்தப் பழம்

மாம்பழத்தில் பங்கனப்பள்ளிதான் இதற்கு ஏற்றது. நார் இல்லை, சதை கெட்டி, வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். மல்கோவா கரைந்து ஜாம் ஆகிவிடும். இமாம் பசந்தை ஓவனில் வைப்பது பாவம், அதைச் சும்மா சாப்பிடுங்கள். பழத்தில் கால் பங்குக்குச் செங்காயாக இருக்கும் கிளிமூக்கு கலந்தால், இனிப்புக்கு நடுவே ஒரு புளிப்பு வந்து சேரும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

பழம் முக்கால் பதம் பழுத்திருந்தால் போதும். அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், விரல் உள்ளே போகக் கூடாது. கோயம்பேட்டில் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் பளபள மஞ்சளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே வெளுத்தும் இருக்கும். மணமே இராது, எவ்வளவு சர்க்கரை போட்டாலும் ஒட்டாது. காம்புப் பக்கம் மோந்து பார்த்து வாங்குங்கள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் வேறு பழங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மாற்றம் தேவை.

அன்னாசியில் தண்ணீர் அதிகம். நடுத்தண்டை எடுத்துவிட்டு, கடாயில் சர்க்கரையோடு எட்டு, பத்து நிமிடம் வதக்கிச் சாற்றைச் சுண்ட வையுங்கள். இல்லையென்றால் மாவு மிதக்கும்.

மே, ஜூன் வாக்கில் மலையிலிருந்து இறங்கும் பிளம்ஸும் பீச்சும் காப்ளருக்கென்றே விளைந்தவை. பிளம்ஸ் தோல் புளிக்கும், ஆகவே சர்க்கரையை 120 கிராம் ஆக்குங்கள். எலுமிச்சை தேவையில்லை.

ஆப்பிள் வருடம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் வேக நேரம் எடுக்கும். மெல்லிசாக நறுக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் ஐந்து நிமிடம் வதக்கிவிட்டுச் சேருங்கள். சுக்குக்குப் பதில் பட்டை போடலாம்.

பலாச்சுளையில் சாறு குறைவு. நீளவாக்கில் கீறி, கால் கப் தேங்காய்ப்பாலும் சர்க்கரைக்குப் பதில் பொடித்த வெல்லமும் சேர்த்தால் பிரமாதமாக இருக்கும். பண்ருட்டிப் பலா தள்ளுவண்டியில் வரும் நாட்களில் எங்கள் வீட்டில் மாம்பழத்துக்கு மவுசு குறைந்துவிடும். பலாவுக்குக் கார்ன்ஃப்ளார் ஒரு டேபிள்ஸ்பூன் போதும்.

வாழையில் நன்றாகப் பழுத்த நேந்திரம் மட்டும். பூவனும் ரஸ்தாளியும் கூழாகிவிடும். பழமே வேண்டாம் என்றால், வேகவைத்துத் தோலுரித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வட்டமாக நறுக்கி, அரை கப் வெல்லப்பாகு ஊற்றிச் செய்து பாருங்கள். தர்பூசணி, சப்போட்டா, பப்பாளி மூன்றையும் முயற்சி செய்துவிட்டேன். வேண்டாம்.

3. முந்தின நாள் இரவே முடிக்க வேண்டியது

வெண்ணெயைக் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக வெட்டி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் சலித்து ஒரு பாத்திரத்தில் கலந்து, அதையும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

மே மாதப் பகலில் நம் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்தால் சில நிமிடங்களில் குழைந்துவிடும். குழைந்த வெண்ணெய் மைதாவுக்குள் ஊறிப் போய்விடும், துண்டாக நிற்காது. துண்டாக நின்றால்தான் ஓவன் சூட்டில் அது உருகி, அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, மாவுக்குள் சின்னச் சின்ன இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளிதான் பொறுபொறுப்பு.

பேக்கிங் பவுடரையும் அன்றே சோதித்துவிடுங்கள். அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் போட்டால் உடனே பொங்க வேண்டும். சும்மா கரைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். கடற்காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த டப்பா சீக்கிரம் செத்துப்போகும்.

4. ஓவனைச் சூடாக்குங்கள்

200 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி, 15 நிமிடம். வலையை நடுத்தட்டில் பொருத்துங்கள், அதற்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். பழச்சாறு பொங்கி வழிந்தால் கீழ்க்கம்பியில் கருகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

ஓ.டி.ஜி.யை 15 ஆம்ப் பவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்ஷனில் மட்டும் செய்யலாம். வெறும் மைக்ரோவேவில் மாவு சிவக்காது, ரப்பர் மாதிரி இழுக்கும். ஓவனே இல்லாதவர்கள் அடிகனமான பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஸ்டாண்டு போட்டு, மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, அதற்குள் வைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடலாம். வேகும், ருசியாகவும் இருக்கும். ஆனால் மேலே வெளுத்துத்தான் இருக்கும், அதற்கு வழியில்லை.

5. பழத்தைக் கொதிக்க வையுங்கள்

ஓவன் சூடேறும் நேரத்தில் பழத்தை நறுக்குங்கள். துண்டு ஒவ்வொன்றும் இரண்டு செ.மீ. இருக்கட்டும். சர்க்கரையையும் கார்ன்ஃப்ளாரையும் முதலில் ஒரு கிண்ணத்தில் கலந்துகொண்டு அப்புறம் பழத்தில் சேருங்கள். கார்ன்ஃப்ளாரை நேராகப் போட்டால் ஈரத்தில் பட்டு அங்கங்கே கட்டி தட்டும்.

இந்தக் கலவையை முன்னாடியே செய்து வைக்கக் கூடாது. சர்க்கரை பட்டதும் பழம் தண்ணீர் விட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் வைத்தால் பாத்திரத்தில் பாதி சாறுதான் நிற்கும்.

எலுமிச்சைச் சாறு, சுக்கு, உப்பு சேர்த்துப் பாத்திரத்தில் பரப்பி ஓவனில் வையுங்கள். குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைக்காதீர்கள், விரிசல் விடும். ஃப்ரிட்ஜிலிருந்த பழமென்றால், கடாயில் அடுப்பிலேயே கலந்து சூடாக்கிப் பாத்திரத்துக்கு மாற்றுவது நல்லது.

15 நிமிடத்தில் ஓரங்களில் குமிழ் வரும். அந்தக் குமிழைப் பார்க்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். கொதி வந்தால்தான் கார்ன்ஃப்ளார் முழுதாகக் கெட்டிப்படும். மேலே விழும் மாவுக்கு அடியிலிருந்து ஆவி கிடைப்பதும் அப்போதுதான்.

6. மாவைப் பிசையாமல் சேருங்கள்

பழம் ஓவனில் இருக்கும்போதே இது. ஃப்ரிட்ஜிலிருந்து மைதாவை எடுத்து, ஃப்ரீசர் வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, உள்ளங்கைச் சூடே வெண்ணெயை உருக்கிவிடும்.

பதம் தெரிய வேண்டுமா? புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். நடுநடுவே பட்டாணி அளவுக்கு வெண்ணெய்த் துண்டுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் ஒரே சீராக மணல் போல ஆகட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருப்பது நம்மவர்களுக்கு ஒரு வியாதி.

கை வைத்ததும் வெண்ணெய் பிசுபிசுவென்று வந்தால் பாத்திரத்தை அப்படியே பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

தயிரும் பாலும் இப்போது வேண்டாம். பழத்தில் குமிழ் வந்து, அதை வெளியே எடுத்து வைத்த பிறகுதான். தயிர்ப் புளிப்பு சோடாவில் பட்ட நொடியிலிருந்தே காற்றுக் குமிழ்கள் கிளம்பத் தொடங்கும். கலந்துவிட்டுப் பழத்துக்காகக் காத்திருந்தால் அதெல்லாம் கிண்ணத்திலேயே போய்விடும்.

தயிரையும் பாலில் முக்கால் பங்கையும் ஊற்றி, முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, போண்டா மாவை விடக் கெட்டியாக, கட்டியும் முட்டியுமாக இருக்கும். அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தால் மட்டும் மீதிப் பால். வழவழப்பாகும்வரை கலக்கினால் பரோட்டா மாவு போல இழுவை வந்துவிடும், வெந்ததும் மெல்ல வேண்டியிருக்கும்.

7. மாவைப் போடுங்கள், பரப்பாதீர்கள்

மாவு முழுவதையும் ஒன்பது பத்துப் பங்காகக் கரண்டியால் எடுத்து, கொதிக்கும் பழத்தின் மேல் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டு குவியலுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி. பழம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அழகாக இருக்கட்டும் என்று கரண்டியால் நிரவி மூடிவிடுவது இங்கே பெரிய தப்பு. ஆவி வெளியே போக வழியில்லாமல் மாவின் அடியிலேயே தங்கி, அதைக் களியாக்கிவிடும். மேடு பள்ளமாக இருந்தால்தான் மேடுகள் மொறுமொறுவென்று சிவக்கும்.

மேலே கொஞ்சம் பால் தொட்டுத் தடவி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை தூவுங்கள்.

8. வேகவிடுங்கள்

190 டிகிரிக்குக் குறைத்து 30 முதல் 35 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். சின்ன ஓ.டி.ஜி.யில் ஒரு தடவை திறந்தாலே சூடு சட்டென்று இறங்கிவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். மேல்கம்பி பக்கத்தில் இருப்பதால் உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்துவிடும். அப்படி முந்திக்கொண்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்திவிட்டு மீதி நேரத்தை முடியுங்கள்.

நடுவில் இருக்கும் குவியலைத்தான் சோதிக்க வேண்டும், ஓரத்தில் இருப்பதை அல்ல. ஸ்பூனால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் இட்லி போல வெந்து துளைதுளையாக இருந்தால் ஆயிற்று. வழவழவென்று மின்னினால் இன்னும் ஐந்து நிமிடம். நடுவிலும் பழச்சாறு கெட்டியான, மெதுவான குமிழாக வெடிக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் கொதித்து நடு அமைதியாக இருந்தால் அங்கே கார்ன்ஃப்ளார் பச்சையாகவே இருக்கிறது.

கரண்ட் போய்விட்டால் கதவைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். பத்து நிமிடத்தில் வந்தால் ஒன்றும் ஆகாது, போன நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

9. அரை மணி நேரம் தொடாதீர்கள்

வெளியே எடுத்ததும் சாறு ரசம் மாதிரி ஓடும். கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளி, மேல் மாவைக் கருக்கியவர்கள் உண்டு. ஆற ஆறத்தான் கார்ன்ஃப்ளார் இறுகும். அரை மணி கழித்து அதுவே பாயசப் பதத்துக்கு வந்துவிடும்.

அரை மணிக்குப் பிறகும் ஓடினால் இரண்டு காரணம்தான்: பழம் சரியாகக் கொதிக்கவில்லை, அல்லது கனிந்து அளிந்த பழம். மாவு கல்லாக இருந்தால் மைதா கூடியிருக்கிறது, அல்லது அதிகம் கலக்கியிருக்கிறீர்கள். மாவு எழும்பாமல் தட்டையாகக் கிடந்தால் பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள். சோப்பு போல ஒரு கசப்பு நாக்கில் நின்றால் சோடா கூடிவிட்டது, அடுத்த தடவை ஸ்பூனைக் குவிக்காமல் வழித்து அளக்கவும்.

10. கத்திரி வெயிலுக்கு ஒரு குறுக்கு வழி

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும், வெண்ணெயோடு மல்லுக்கட்ட எனக்கே பொறுமை இருக்காது. அப்போது ஊற்றுக் காப்ளர்தான். இதில் வெண்ணெயை நாமே உருக்கிவிடுகிறோம், வெயிலோடு சண்டை இல்லை.

அதே பாத்திரத்தில் 75 கிராம் வெண்ணெயைப் போட்டு, 180 டிகிரி ஓவனில் உருகவிடுங்கள். மைதா ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, அறைச் சூட்டில் இருக்கும் பால் ஒரு கப். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து, உருகிய வெண்ணெயின் நடுவே ஊற்றுங்கள். அதன் மேல் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கலந்த பழம் இரண்டு கப். கார்ன்ஃப்ளார் வேண்டாம், மாவே சாற்றைக் குடித்துக்கொள்ளும்.

ஊற்றிய பிறகு கலக்கவே கூடாது. கை பரபரக்கும், பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெய் ஓரங்களில் ஒதுங்கி மாவைப் பொரிக்க வேண்டும், கலக்கினால் அந்த மொறுமொறு ஓரம் வராது. 45 முதல் 50 நிமிடத்தில் பழம் கீழே இறங்கி, மாவு அதைச் சுற்றி மேலே எழும்பி வரும். இதில் பழத்தைக் கொதிக்க வைக்கவும் தேவையில்லை, மாவு அடியில் நேராகச் சூட்டில் இருக்கிறது. பொறுபொறுப்பு முதல் முறையில்தான். ஆனால் பத்து நிமிட வேலைக்கு இது போதும்.

11. மீதி இருந்தால்

இந்த ஊர் சூட்டில் இரவு வெளியே வைக்காதீர்கள், பழமும் பாலும் சேர்ந்தது. நன்றாக ஆறிய பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி மேல் மாவு நமுத்துவிடும்.

திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். வேண்டிய அளவை ஒரு சின்னத் தட்டுக்கு மாற்றி, ஓ.டி.ஜி.யில் 160 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். கூட்டம் அதிகமென்று அளவை இரட்டிப்பாக்கினால் இரண்டு பாத்திரமாகச் செய்யுங்கள். ஒரே ஆழமான பாத்திரத்தில் போட்டால் நடுப்பகுதி வேகாது. வெனிலா ஐஸ்கிரீம் எல்லோருக்கும் பிடிக்கிறது. எனக்கென்னவோ மறுநாள் காலையில் சில்லென்று, மேலே இரண்டு கரண்டி கெட்டித் தயிரோடு.